"டாக்டர் சொன்னார், செய்தேன்" போதாது: வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

நர்சிங் படிக்கும்போது சட்டம், நெறிமுறை என்று ஒரு பாடம் வரும். நன்மை செய், தீங்கு செய்யாதே, நோயாளியின் விருப்பத்தை மதி, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்து என்று பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவோம். அப்புறம் வேலைக்கு வந்தால், நைட் ட்யூட்டியில் டாக்டர் போனில் ஒரு மருந்துப் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார், நோயாளியின் மகன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்கிறார், அடுத்த கட்டிலில் டிரிப் முடிந்து ரத்தம் ட்யூபில் ஏறுகிறது. அந்த நேரத்தில் கையில் என்ன இருக்க வேண்டும், வாயில் என்ன வர வேண்டும் என்பதைப் பற்றித்தான் இது. தமிழ்நாட்டில் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆனவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாநில நர்சிங் கவுன்சிலில் உங்கள் பெயர் ஏறி, பதிவெண் கைக்கு வந்த நாளிலிருந்து உங்கள் வேலைக்கு நீங்களே பொறுப்பு. நஷ்ட ஈடு என்று வந்தால் பெரும்பாலும் மருத்துவமனைதான் கட்டும், ஊழியர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய சட்டம். ஆனால் கிரிமினல் வழக்கு அப்படியில்லை, அது ஆளைத் தேடி வரும். 2024 ஜூலை 1ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்துவதற்கான பழைய 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை என்று இருந்தது, இப்போது 106ஆம் பிரிவில் அது 5 ஆண்டு. மருத்துவ சிகிச்சை செய்யும்போது நடந்தால் 2 ஆண்டுதான் என்று ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகை பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும். பதிவு பெற்ற மருத்துவர் என்றால் மருத்துவப் பதிவேட்டில் பெயர் இருப்பவர் என்று அந்தப் பிரிவே விளக்கம் சொல்லிவிடுகிறது. நர்ஸ் அதில் வரமாட்டார். அதாவது ஒரே கட்டிலில் ஒரே தவறில் டாக்டரும் நர்ஸும் மாட்டினால் உங்களுக்கு உள்ள அதிகபட்ச தண்டனை அவருடையதைவிட இரண்டரை மடங்கு. இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், நர்ஸ் சங்கங்கள் இதைப் பேசவேண்டும். ஆனால் இன்றைய தேதிக்குச் சட்டம் இதுதான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், எல்லா நர்ஸும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1993 டிசம்பரில் டெல்லியில் ஸ்பிரிங் மெடோஸ் என்ற மருத்துவமனையில் டைபாய்டு என்று ஒரு சிறுவனைச் சேர்த்திருந்தார்கள். நர்ஸ் லாரியாகோ ஊசி வாங்கி வரச் சொல்லி அப்பாவை அனுப்பினார், அவரும் வாங்கிக் கொடுத்தார், நர்ஸ் அதை நரம்பில் ஏற்றினார். அது குளோரோகுயின், மலேரியா மருந்து. டைபாய்டுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது குளோராம்பெனிகால். பையனின் இதயம் நின்றது, உயிர் மீட்கப்பட்டாலும் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1998இல் தீர்ப்பு வந்தது. பையனுக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம். அந்த நர்ஸ் எந்தக் கவுன்சிலிலும் பதிவு செய்யாதவர் என்பதும், ஊசியைத் தானே போட வேண்டிய டாக்டர் அதை அவரிடம் விட்டுவிட்டார் என்பதும் வெளியே வந்தது. உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் "நீயே போட்டுடு" என்று ஊசியை நீட்டும் பழக்கம் சின்ன மருத்துவமனைகளில் இன்றும் இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் சீனியராக இருந்து, பதிவில்லாத ஒருவரிடமோ பயிற்சி மாணவியிடமோ ஊசியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால், கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும்.

டாக்டர் சொல்லும் ஆர்டர்

போனில் ஆர்டர் வந்தால் மருந்தின் பெயர், அளவு, எந்த வழி, எத்தனை மணிக்கு என்று நான்கையும் எழுதிக்கொண்டு, எழுதியதைப் போனிலேயே திரும்பப் படித்துக் காட்டுங்கள். "ஆமா சிஸ்டர்" என்று அவர் வாயால் வர வேண்டும். முடிந்தால் இன்னொரு ஸ்டாஃபைப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் "இன்ன டாக்டர், போனில், இத்தனை மணிக்கு" என்று எழுதி, காலையில் ரவுண்ட்ஸுக்கு வரும்போது அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், 24 மணி நேரத்துக்குள். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகிற காலம் இது, அந்த மெசேஜ் ஒரு ஆதாரம்தான், ஆனால் ட்ரீட்மென்ட் சார்ட்டில் ஏறாத மெசேஜ் அடுத்த ஷிப்டில் வருபவருக்குத் தெரியாது.

ஆர்டர் தப்பாகத் தெரிகிறது என்றால்? டோபமைனா டோபுடமைனா என்று புரியவில்லை, இன்சுலின் யூனிட்டில் ஒரு பூஜ்யம் கூடுதலாக இருக்கிற மாதிரி இருக்கிறது, பொட்டாசியம் குளோரைடை நேரடியாக நரம்பில் தள்ளச் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறது. கொடுக்காதீர்கள், கேளுங்கள். "சார், இந்த டோஸ் சரிதானான்னு ஒரு தடவை பார்த்துடுங்க" என்று கேட்டால் யாருக்கும் மரியாதை குறையாது. அவர் எரிந்து விழுந்து "சொன்னதைச் செய்" என்றால், இன்சார்ஜிடமோ நைட் சூப்பர்வைசரிடமோ சொல்லுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் "அளவு குறித்து டாக்டரிடம் கேட்டேன், மருந்து கொடுக்கவில்லை, சூப்பர்வைசருக்குத் தெரிவித்தேன்" என்று நேரத்தோடு எழுதிவிட்டு நில்லுங்கள். பிழையான ஆர்டர் என்று தெரிந்தும் செய்துவிட்டு "டாக்டர் சொன்னார்" என்று கோர்ட்டில் சொன்னால், படித்த நர்ஸுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

கேஸ் ஷீட்

நோயாளியைக் காப்பாற்றுவதற்கும் உங்களைக் காப்பாற்றுவதற்கும் ஒரே பேப்பர் இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். எழுதாதது நடக்காதது என்று நர்சிங்கில் ஒரு பேச்சு உண்டு, அது கொஞ்சம் மிகை, ஆனால் வழக்கு என்று வந்தால் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆகும். நீங்கள் ராத்திரி முழுக்க ஓடியாடிப் பார்த்திருக்கலாம். மூன்று வருடம் கழித்து வக்கீல் கையில் இருப்பது "நோயாளி நன்றாக உள்ளார், அதே சிகிச்சை தொடர்கிறது" என்ற ஒரு வரி மட்டும்.

அதனால் பார்த்ததை எழுதுங்கள். "பேஷன்ட் சரியில்லை" என்று எழுதாமல், "1.40க்கு மூச்சு நிமிடத்துக்கு 32, ஆக்சிஜன் அளவு 88, வியர்த்திருந்தார், 1.45க்கு ட்யூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை, 1.50க்கு மறுபடி அழைத்துச் சொன்னேன், 2.05க்கு வந்து பார்த்தார்" என்று எழுதுங்கள். இந்த நான்கு நேரங்கள் போதும், யார் எப்போது என்ன செய்தார் என்று யாரும் திரிக்க முடியாது. கொடுப்பதற்கு முன்பே கொடுத்ததாகக் குறிப்பதும், எட்டு மணிக்கே பன்னிரண்டு மணி டெம்பரேச்சரையும் சேர்த்து எழுதி வைப்பதும் எத்தனை வார்டில் சாதாரணமாக நடக்கிறது! பன்னிரண்டு மணிக்கு முன்னால் அந்த நோயாளி இறந்துபோனால் அந்தச் சார்ட்டை என்ன செய்வீர்கள்?

தப்பாக எழுதிவிட்டால் வைட்னர் பூசக்கூடாது, கிழிக்கக்கூடாது, மேலேயே எழுதி மொத்தையாக்கக்கூடாது. ஒரே கோடு, கீழே இருப்பது படிக்கிற மாதிரி, பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம். பிறகு ஞாபகம் வந்து எழுதினால் "தாமதப் பதிவு" என்றே போட்டு எழுதுங்கள். அடுத்தவர் பெயரில் கையெழுத்துப் போடாதீர்கள், தோழியாக இருந்தாலும். நோயாளியோடு கூட இருப்பவரைப் பற்றி "அட்டெண்டர் தொல்லை பிடித்தவர்" என்றெல்லாம் எழுதிவைக்கவும் வேண்டாம். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டின் நகலைக் கொடுக்க வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி, அந்த அட்டெண்டரே உட்கார்ந்து படிப்பார்.

டிஸ்சார்ஜில் சொல்வதும் எழுத்தில் இருக்கட்டும். 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆவது வாரத்திலேயே, 1250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இல்லை. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. பொறுப்பு மருத்துவர்கள் மீதும் அரசு மீதும்தான் வந்தது, நர்ஸ் மீது இல்லை. ஆனாலும் குழந்தையைத் துணியில் சுற்றி அம்மா கையில் கொடுத்து அனுப்பும் கடைசி ஆள் பெரும்பாலும் நாம்தான். என்ன சொன்னீர்கள், எப்போது திரும்ப வரச் சொன்னீர்கள் என்று ஒரு வரி எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

சம்மதம் என்பது கையெழுத்து இல்லை

ஆபரேஷன் பற்றி விளக்கிச் சொல்வது டாக்டரின் வேலை. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகவே சொன்னது: என்ன செய்யப்போகிறோம், ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும், ஒன்றுக்கு வாங்கிய சம்மதத்தை வைத்து, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாமல், இன்னொன்றைச் செய்யக்கூடாது. நீங்கள் அங்கே சாட்சி. ஆக "சிஸ்டர், கையெழுத்து வாங்கிடுங்க" என்று வெற்றுப் படிவத்தை நீட்டினால், நோயாளியிடம் "டாக்டர் என்ன சொன்னாரும்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் விழித்தால் டாக்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

வயது வந்த, சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் சம்மதம் அவருடையது. கணவர் கையெழுத்து மருத்துவமனை வழக்கமாக இருக்கலாம், சட்டத்துக்கு அது மாற்று இல்லை. கருக்கலைப்புச் சட்டம் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்று நேராகவே சொல்கிறது. வீட்டுக்காரர் வரட்டும் என்று அனுப்பிவிடுவது நம் ஊர் பழக்கமே தவிர விதி இல்லை.

பிரசவம் முடிந்ததும் கருத்தடைக்காகக் காப்பர் டி வைக்கிற விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வலியில் துடிக்கும்போது நீட்டிய தாளில் போட்ட கையெழுத்தும், "எல்லாருக்கும் வைப்போம்மா" என்று சொல்லிவிட்டு வைப்பதும் சம்மதம் ஆகாது. கர்ப்ப காலச் செக்கப்பிலேயே பேசி, வேண்டும் என்றால் வைக்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். டார்கெட் அழுத்தம் இருப்பது உண்மைதான், அதற்காக ஒரு பெண் தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. பிரசவ அறையில் தொடையில் அடிப்பதும் கெட்ட வார்த்தையில் திட்டுவதும் இதே கணக்குதான். அது கண்டிப்பு இல்லை, அடித்தால் அடிதடிக் குற்றம்.

ரகசியம், செல்போன்

எச்ஐவி சட்டம் 2017இல் வந்து 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த நபரின் சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக்கூடாது. கட்டில் தலைமாட்டில் எழுதித் தொங்கவிடுவது, கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் எழுதுவது, வார்டு ஆயாவிடம் "அந்தக் கட்டில் பார்த்து" என்று கண்ணைக் காட்டுவது எல்லாமே இதில் அடங்கும். கையுறையும் முன்னெச்சரிக்கையும் எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி இருந்தால் ஸ்டிக்கரே தேவைப்படாது.

போனைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. யூனிஃபார்மில் ரீல்ஸ் எடுப்பது உங்கள் இஷ்டம், மருத்துவமனை விதி அனுமதித்தால். பின்னால் ஒரு நோயாளி தெரிந்தால் அது உங்கள் இஷ்டம் இல்லை. ஒருவரின் அந்தரங்க உறுப்பை அனுமதியின்றிப் படம் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. "காயத்தை டாக்டருக்கு அனுப்பத்தான் எடுத்தேன்" என்றால் சம்மதம் வாங்கி, முகம் வராமல் எடுத்து, அனுப்பியதும் அழித்துவிடுங்கள்.

போலீஸ் வரும் கேஸ்

விபத்து, அடிதடி, தீக்காயம், விஷம், தூக்கு. இவை வந்தால் முதலில் சிகிச்சை, பிறகுதான் ஏஆர் (விபத்துப் பதிவேடு) என்ட்ரியும் போலீஸுக்குத் தகவல் சொல்லும் இன்டிமேஷனும். சாணிப்பவுடரோ பூச்சிமருந்தோ குடித்து வந்தவருக்கு வயிற்றைக் கழுவினால் முதல் கழுவலை டாக்டர் சொல்கிறபடி பாட்டிலில் எடுத்து லேபிள் ஒட்டி வையுங்கள். ரத்தக்கறை படிந்த துணியைக் கத்தரித்தால் ஓட்டை விழுந்த இடத்தை வெட்டாதீர்கள், காயவைத்துக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். போலீஸிடம் எதைக் கொடுத்தாலும் பெயர், நம்பர், நேரத்தோடு கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரை "எதுக்குடி இப்படிப் பண்ணின" என்று வார்டே கேட்கும்படி திட்டுவது நம்மிடம் உள்ள பெரிய கெட்ட பழக்கம். 2017 மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் புதிய சட்டத்தில் இல்லை.

18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால் போக்சோ, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம். கல்யாணம் ஆகிவிட்டது, தாலி இருக்கிறது, மாமியாரே கூட வந்திருக்கிறார் என்பதெல்லாம் அதை மாற்றாது. தெரிந்த எவரும் தகவல் கொடுக்க வேண்டும் என்பது 19ஆம் பிரிவு, கொடுக்காவிட்டால் 6 மாதம் வரை சிறை 21ஆம் பிரிவு. சிக்கல் என்னவென்றால் பயந்துபோன பெண்கள் மருத்துவமனைக்கே வராமல் வேறு எங்கோ போய்விடுகிறார்கள். இதை உணர்ந்துதான் 2022இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவர் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் தரும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடத் தேவையில்லை என்றது. இது தெரியாத டாக்டர்களும் இருக்கிறார்கள், எடுத்துச் சொல்லுங்கள்.

பணம் சம்பந்தப்பட்டது மூன்று. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று ஜாடையாகச் சொல்வதுகூடக் குற்றம், 1994 சட்டம், 3 ஆண்டு வரை சிறை. பிரசவ வார்டில் ஆண் குழந்தைக்கு ஒரு ரேட், பெண்ணுக்கு ஒரு ரேட் என்று வாங்குவதற்குப் பெயர் சந்தோஷப் பணம் இல்லை, அரசு ஊழியராக இருந்தால் அது லஞ்சம். குழந்தை வேண்டாம் என்று ஒரு தாய் அழுதால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள், தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறது. "எனக்குத் தெரிந்த ஒரு நல்ல குடும்பம் இருக்கு" என்று வாயைத் திறக்காதீர்கள். 2019இல் ராசிபுரத்தில் வெளியே வந்த குழந்தை விற்பனை வழக்கில் முதலில் கைதானவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நர்சிங் உதவியாளர்.

"சிபிஆர் வேண்டாம்" என்று வாயால் சொன்னால்

வயதானவர், கடைசி நிலை புற்றுநோய், டாக்டர் போகிற போக்கில் "நின்னா விட்டுடுங்க சிஸ்டர்" என்கிறார், அதாவது இதயம் நின்றால் சிபிஆர் என்ற இதய மீட்பு செய்ய வேண்டாம் என்று. எழுத்தில் இல்லாமல் விடாதீர்கள். உயிர் காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் 2023இல் அதை எளிதாக்கிய உத்தரவும் ஒரு வழியைச் சொல்கின்றன. முன்கூட்டியே எழுதிய உயில் மாதிரியான தாள் இருந்தால் அது, இல்லாவிட்டால் குடும்பத்தின் சம்மதம், கூடவே மும்மூன்று டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்களின் முடிவு. இதய மீட்பு செய்ய வேண்டாம் என்ற ஆர்டரும் டாக்டரால் எழுதப்பட்டு, குடும்பத்தோடு பேசியது பதிவாகி இருக்க வேண்டும். சும்மா பேருக்கு நெஞ்சை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு நிறுத்துவது நோயாளிக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. ஆர்டர் எழுதிவிட்டார்கள் என்பதற்காக வாய் துடைப்பதும், வலி மருந்தும், புரட்டிப் படுக்கவைப்பதும் நின்றுவிடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மும்பை கேஇஎம் மருத்துவமனை நர்ஸ்கள், 1973இல் வேலை செய்யும் இடத்திலேயே தாக்கப்பட்டு நினைவிழந்த தங்கள் சக நர்ஸ் அருணா ஷான்பாகை 2015 வரை, 42 வருடம் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

தவறு நடந்துவிட்டால்

நடக்கும். வேறு கட்டிலுக்கான ஊசியைப் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நோயாளியின் பக்கத்தில் நின்று நாடி, ரத்த அழுத்தம், மூச்சு பாருங்கள், டாக்டரை உடனே கூப்பிட்டு என்ன மருந்து எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். காலியான ஆம்பூலைத் தூக்கிப் போடாதீர்கள். கேஸ் ஷீட்டில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், "என்னால்தான்", "வேலைப் பளுவால்" என்று காரணமெல்லாம் அங்கே வேண்டாம், அதற்கு இன்சிடென்ட் ரிப்போர்ட் தனியாக இருக்கிறது. நோயாளிக்கும் சொல்ல வேண்டும், அதை டாக்டரோடு சேர்ந்து சொல்லுங்கள். மறைத்தால் மருந்தின் விளைவைப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள், நோயாளியைக் கொல்வது பல நேரம் முதல் தவறு இல்லை, அந்த மறைப்புதான்.

ஆள் பற்றாக்குறையில் நாற்பது நோயாளியை ஒருவரே பார்க்கும் ராத்திரிகளில் இதெல்லாம் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஷிப்ட் தொடங்கும்போதே "இத்தனை நோயாளி, இத்தனை பேர் சீரியஸ், நான் ஒருத்தி, உதவி தேவை" என்று சூப்பர்வைசருக்கு எழுத்தில் அனுப்பி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வரமாட்டார்கள், பெரும்பாலும். ஆனால் நிர்வாகத்துக்குத் தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. கோபத்தில், அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைத்து ஓவர் கொடுக்காமல் வார்டை விட்டுப் போய்விடாதீர்கள், நீங்கள் செய்யக்கூடியதிலேயே சட்டத்துக்கு முன்னால் மோசமானது அதுதான். உங்களை அடித்தாலோ வார்டில் சாமானை உடைத்தாலோ 2008ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தின் கீழ் அது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம், புகாரை மருத்துவமனை மூலமாகவே கொடுக்கச் சொல்லுங்கள்.

விசாரணை, சம்மன் என்று வந்தால் கேஸ் ஷீட்டைத் தொடாதீர்கள், ஒரு புள்ளிகூடச் சேர்க்காதீர்கள், மை வேறு என்று கண்டுபிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள். நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் சொல்லுங்கள். நிர்வாகம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அவர்கள் வக்கீல் மருத்துவமனைக்கு வக்கீல், உங்களுக்கு அல்ல, இரண்டு பேரின் நலனும் ஒரு கட்டத்தில் பிரியும். பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும், வருமான வரம்பு பார்க்கமாட்டார்கள். நர்ஸ்களுக்கான தொழில் பொறுப்புக் காப்பீடும் கிடைக்கிறது, உங்கள் மருத்துவமனை எடுத்திருக்கும் பாலிசியில் நர்ஸ்கள் பெயர் இருக்கிறதா, டாக்டர்கள் மட்டும்தானா என்று எச்ஆரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.